விட்டு விட்டு வரும் மின்தடையும் அளக்காமல் மாற்றப்படும் பேட்டரிகளும்

உடுமலைப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய கார்களின் மின்வேலையைப் பார்த்துவரும் ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் அனைவருக்கும்,



ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் ஒன்று முன்னறிவிப்பின்றி மின்சாரம் முழுவதையும் இழந்து சாலையோரம் நிற்பதும், கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுவதும், பட்டறைக்கு வந்து சேர்ந்த பிறகு எவ்வளவு தேடினாலும் பழுது கண்ணில் படாமல் போவதும் இத்தொழிலில் உள்ள எல்லோரும் அறிந்தவை. இத்தகைய பழுதுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவம் முதலில் புதிய பேட்டரி, அது பலிக்காவிட்டால் ஆல்டர்னேட்டர், அதுவும் பலிக்காவிட்டால் இக்னிஷன் சுவிட்ச் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களை மாற்றிப் பார்ப்பதாகவே இருக்கிறது. பழுது இருக்கும் இடம் அளவையால் உறுதிப்படும் முன் எந்தப் பொருளும் மாற்றப்படக் கூடாது என்பதும், அப்படி அளந்து கண்டுபிடிப்பதற்கு ஆகும் நேரத்துக்குத் தனிக் கூலி கேட்பதும் கொடுப்பதும் நியாயம் என்பதும் இம்மடலின் வேண்டுகோள்.

இந்த வேண்டுகோளுக்கு உடுமலை பொருத்தமில்லாத ஊர் அன்று. கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கித் தாமே ஓட்டிப் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்தான். உடுமலை அந்த வழித்தடத்தின் நடுவில் இருக்கிறது. பொருளைப் பிரித்துப் பார்த்து அதன் உள்வேலையை அறிந்த பிறகே கைவைக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது; கோவை வட்டாரத்துப் பட்டறைகளுக்கும் அது புதிதன்று. பம்ப் செட்டின் மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டத் தெரிந்த கைகள் நிறைந்திருக்கும் இவ்வட்டாரத்தில், காரின் மின்பழுது மட்டும் ஊகத்துக்கு விடப்படுவது வருத்தத்துக்குரியது.

இன்றும் இங்கே ஓடும் பழைய கார்கள் எவை என்று பார்த்தால், 1950களின் பிற்பகுதி முதல் 2014 மே மாதம் வரை உத்தரபாராவில் உருவான அம்பாசிடர், 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருக்கும் பிரீமியர் பத்மினி ஆகியவையே பெரும்பான்மை. இவற்றில் பல, தோட்டத்துச் சாளையின் ஓரக் கொட்டகையில் வாரக்கணக்கில் நின்றுவிட்டுக் கல்யாணம், காதுகுத்து, பழனி என்று வெளியே வருபவை. நிற்கும் காலத்தில் எலி வயரைக் கடிக்கிறது. தேங்காய் நார்த் தூசி இணைப்புகளுக்குள் புகுந்து மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. ஆடிக் காற்றில் குடிமங்கலம், பெதப்பம்பட்டிப் பக்கம் எழும் புழுதி ஃபியூஸ் பெட்டி வரை போய்ப் படிகிறது. செம்பில் களிம்பு ஏறுவதற்கு இவ்வளவும் போதும்.

விட்டு விட்டு வரும் மின்தடையில் பெரும்பகுதி இந்தக் களிம்பிலிருந்தே பிறக்கிறது என்பதால் அதன் இயக்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். நல்ல நிலையில் உள்ள ஒரு இணைப்பின் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓமில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். களிம்பு ஏறி அது அரை ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோமானால், 60 வாட் ஹெட்லைட் இரண்டும் எரியும்போது அவ்வழியே ஏழு ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்ந்து, மூன்று வோல்ட்டுக்கு மேல் அந்த ஒரு இணைப்பிலேயே தொலைந்துபோகும்; தொலைந்த மின்சாரம் அங்கேயே 25 வாட் அளவு வெப்பமாக மாறும். அது ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் தரும் வெப்பம். அவ்வெப்பத்தில் உலோகம் விரிகிறது, லக்கின் பிடி தளர்கிறது, தொடுபுள்ளி சற்றே விலகித் தொடர்பு அறுகிறது. கார் நின்றதும் சூடு தணிய, உலோகம் சுருங்கிப் பழைய இடத்துக்கு வர, மீண்டும் தொடர்பு கிடைத்துவிடுகிறது. பட்டறைக்கு வரும்போது பழுது மறைந்திருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இந்நிலையில் மல்டிமீட்டரை மட்டும் நம்பிப் பார்ப்பவர் ஏமாறுவது ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை ஏறத்தாழ ஒரு கோடி ஓம்; அது இழுக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் அளவில்தான், அதாவது ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு அரை ஓம் களிம்பு ஒரு தடையே அன்று. ஆகவே மீட்டர் 12.6 வோல்ட் என்று முழுமையாகவே காட்டும். சொட்டுநீர்ப் பாசனக் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் கேட் வால்வை மூடிவைத்திருக்கும் வரை அழுத்தமானி முழு அழுத்தத்தையே காட்டுவதும், வால்வைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் முள் விழுவதும் தோட்டக்காரர் யாருக்கும் தெரியும். மின்சாரத்தையும் ஓடவிட்டே அளக்க வேண்டும். லோடு இல்லாமல் எடுத்த அளவை, இவ்வகைப் பழுதில், அளவையே அன்று என்று சொல்லிவிடலாம். இதனால்தான் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துச் செய்யப்படும் பழைய டெஸ்ட் லேம்ப், விலை உயர்ந்த மீட்டர் சொல்லாத உண்மையைப் பல சமயம் சொல்லிவிடுகிறது: அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுப்பதால் மோசமான இணைப்பில் மங்கியே எரியும். இன்று கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. டெஸ்டருக்கு இந்தக் குணம் இல்லை.

லோடு கொடுத்து அளக்கும் முறைக்கு வோல்டேஜ் டிராப் சோதனை என்று பெயர். இரண்டு இடங்களுக்கு இடையில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை மின்சாரம் ஓடும்போதே பார்ப்பது அதன் சாரம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில், கிளாம்பின் மேல் அன்றி ஈயத்தின் மேலேயே வைத்து, மறு முனையை என்ஜின் பிளாக்கில் துருவும் பெயிண்டும் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் வழி நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ கெட்டிருக்கிறது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது ஓமில் நூறில் ஒரு பங்கு தடையே 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும் என்பதால் இந்தச் சோதனையில் சிறிய குறையும் தப்பாது. அதே முறையில் ஈயமுனைக்கும் கிளாம்புக்கும் இடையிலும், நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையிலும், பாசிட்டிவ் முனைக்கும் சோலனாய்டுக்கும் இடையிலும் பார்த்துக்கொண்டே போனால், தொலையும் இடம் அடுத்தடுத்த இரண்டு அளவைகளுக்கு நடுவில் அகப்பட்டுவிடும். இதற்கெல்லாம் ஆகும் நேரம், பேட்டரியைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் நேரத்தைவிட அதிகம் அன்று.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் திரும்பிவரப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று போடப்பட்டிருக்கும். என்ஜின் அல்லது கியர்பாக்ஸ் வேலை செய்தவர் அதை மீண்டும் மாட்ட மறந்தாலோ, அது இற்று ஓரிரு இழைகளில் தொங்கினாலோ, செல்ஃபின் அவ்வளவு பெரிய மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் சோக் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். சோக் கேபிளின் மேலுறை உருகிப் புகைந்த காரில் புதிய கேபிளை மாட்டி அனுப்பிவிட்டால், பழுது அப்படியே இருக்க அதன் அடையாளம் மட்டும் அழிக்கப்பட்டுவிடுகிறது.

அடுத்தது, எது எதனோடு சேர்ந்து அணைகிறது என்ற கேள்வி. பழுது மறைந்த நிலையில் கார் வந்து சேர்ந்தாலும் உரிமையாளரின் நினைவு கூடவே வருகிறது. அவரிடம் கேட்கப்படும் நான்கு கேள்விகள் பாதி வேலையை முடித்துவிடும். கார் நின்றபோது ஹாரன் அடித்ததா, பார்க்கிங் விளக்கு எரிந்ததா, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு வந்ததா, வைப்பர் அசைந்ததா? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த அம்பாசிடரின் மாற்றப்படாத பழைய வயரிங், லூகாஸ் நிறமுறையைப் பின்பற்றியது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இன்றி நேரே வருவது பழுப்பு வயர், சாவி போட்ட பிறகு உயிர்பெறுவது வெள்ளை, அதிலிருந்து ஃபியூஸ் வழியாகப் பிரிந்து வைப்பர், மீட்டர் ஆகியவற்றுக்குப் போவது பச்சை, எர்த் கறுப்பு. பார்க்கிங் விளக்கு எரிந்துகொண்டிருக்க, என்ஜினும் வைப்பரும் டேஷ்போர்டும் ஒரே நொடியில் செத்திருந்தால் பழுப்பு வழி நலமாகவும் வெள்ளை வழி கெட்டும் இருக்கிறது என்று பொருள். தேட வேண்டிய இடம் இக்னிஷன் சுவிட்சும் அதன் பின்புற இணைப்புகளும். எல்லாமே ஒரே நேரத்தில் இருண்டுவிட்டால் சுவிட்சை மாற்றுவதில் பயனில்லை. பேட்டரிக் கிளாம்பு, எர்த் பட்டை, சோலனாய்டில் பழுப்பு வயர் ஏறும் நட்டு, டைனமோ உள்ள பழைய வண்டியாக இருந்தால் கட்-அவுட் பெட்டியின் முனைகள் என்று தேட வேண்டும். மாருதியில் நிறங்களும் அமைப்பும் வேறு. ஆனால் அங்கும் பேட்டரியை அடுத்து மெயின் ஃபியூஸோ, அளவு மீறிய மின்சாரத்தில் தானே உருகும் ஃபியூசிபிள் லிங்க் என்ற வயர்த்துண்டோ இருக்கும். அதன் முனையில் ஏற்படும் தளர்ச்சி காரை மொத்தமாக இருட்டாக்கவல்லது.

இக்னிஷன் சுவிட்சின் மேல் ஏற்றப்படும் சுமையும் கவனிப்புக்குரியது. பழைய கார்களில் ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி, மிகக் குறைவு. பெரும்பாலான சுமை சுவிட்சுகளின் செம்புத் தகடுகள் வழியாகவே நேரடியாகப் போகிறது. அதற்கு மேல் மியூசிக் சிஸ்டம், மொபைல் சார்ஜர், கூடுதல் ஃபேன் ஆகியவை சாவி வயரிலேயே உரித்து முறுக்கி டேப் சுற்றப்படுகின்றன. ஹெட்லைட்டில் 100 வாட் பல்பு போடப்படும்போது இரண்டுக்குமாக மின்னோட்டம் 10 ஆம்பியரிலிருந்து ஏறத்தாழ 17 ஆம்பியருக்கு உயர்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் விளக்கு சுவிட்சின் தொடுபுள்ளிகள் முன்னைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு சூடாகின்றன. மறையூர், மூணாறு போகும் மலைச்சாலையில் ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டிச் சின்னார்க் காட்டுக்குள் மழையில் ஏறும்போது விளக்கு, வைப்பர், ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. கார் பெரும்பாலும் நிற்பதும் அப்போதுதான். அங்கே யானை நடமாட்டம் உண்டு. குடும்பத்தோடு போகிறவர் அந்த இடத்தில் விளக்கின்றி நிற்க நேர்வது வெறும் சிரமம் என்ற அளவில் முடியாது. கூடுதல் விளக்கு கேட்கும் வாடிக்கையாளரிடம் ரிலேவும் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியும் இல்லாமல் அதைப் போட முடியாது என்று மறுத்துச் சொல்வது எலக்ட்ரீசியனின் உரிமை மட்டும் அன்று, பொறுப்பும் ஆகும்.

எத்தனை சோதித்தும் பட்டறையில் பழுது தலைகாட்டவில்லை என்றால் பழுதை வரவழைக்கவும் வழி உண்டு. ஹெட்லைட்டை எரியவிட்டு, வயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போகலாம்; சுவிட்சையும் ஃபியூஸ் பெட்டியையும் ஹேர் டிரையரால் சூடேற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாத பழுதுக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. அது இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது என்பதால் இங்கே எழுதிவைப்பது நல்லது. மூன்று சிறிய பல்புகளை டேஷ்போர்டின் மேல் தற்காலிகமாக ஒட்ட வேண்டும். முதலாவதன் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ் கிளாம்பிலும் மறு முனை காரின் பாடியிலும், இரண்டாவதன் ஒரு முனை சாவிக்கு முந்தைய வயரிலும் மூன்றாவதன் ஒரு முனை சாவிக்குப் பிந்தைய வயரிலும், இவ்விரண்டின் மறு முனைகள் பேட்டரி நெகட்டிவ் கிளாம்பிலும் இணைக்கப்பட வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று ஆம்பியர் ஃபியூஸ் அவசியம். பிறகு காரை உரிமையாளரிடமே கொடுத்து வழக்கம்போல ஓட்டச் சொல்லி, நிற்கும் கணத்தில் எந்தப் பல்பு அணைந்தது என்று மட்டும் பார்த்துவரச் சொன்னால் போதும். முதல் பல்பு அணைந்தால் பாடி எர்த், இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து அணைந்தால் பழுப்பு வழி, மூன்றாவது மட்டும் அணைந்தால் சுவிட்ச், மூன்றும் அணைந்தால் பேட்டரி முனைகள். பட்டறையில் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் கிடைக்காத விடையைப் பழனிக்குப் போய்வரும் ஒரு பயணம் கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டு பழக்கங்களை அடியோடு விட்டுவிட வேண்டுமென்று இம்மடல் வற்புறுத்துகிறது. ஒன்று, என்ஜின் ஓடும்போதே பேட்டரிக் கிளாம்பைக் கழற்றி, கார் நிற்காவிட்டால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்வது. டைனமோ காலத்தில் அது பெரும் சேதமின்றி முடிந்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் பேட்டரி திடீரென விலகினால் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல பத்து வோல்ட்டுக்குத் தாவி, ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும், கணினி வைத்த பிற்கால மாருதி 800 போன்றவற்றில் அந்தக் கணினியையும் சேர்த்து எரித்துவிடக் கூடும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பதே அந்தச் சோதனைக்குப் போதும். மற்றொன்று, எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்பு இழையைச் சுற்றுவது. விட்டு விட்டு வரும் தடையை அது நிறுத்திவிட்டதாகத் தோன்றும். உண்மையில் உருக வேண்டிய இடத்தை ஃபியூஸிலிருந்து சீட்டுக்கு அடியில் போகும் வயருக்கு அது மாற்றிவிடுகிறது.

மின்தடையின் உண்மைக் காரணத்தைக் காணாமல் தடுமாறுவது உடுமலையின் குறை மட்டும் அன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவ்ரலே கோபால்ட் உள்ளிட்ட கார்கள் ஓடும்போதே மின்சாரம் இழந்தன. இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு வலுவற்றிருந்ததால் சாவிக்கொத்தின் கனத்திலோ முழங்கால் பட்டோ சாவி தானே திரும்பியது, என்ஜினோடு ஏர்பேகும் செயலிழந்தது. நிறுவனம் 2014 பிப்ரவரியில் அக்கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கியது; எண்ணிக்கை 26 லட்சம் வரை போனது; 124 மரணங்கள் இழப்பீட்டுக்கு உரியவை என ஏற்கப்பட்டன. இவ்வளவு பெரிய நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் தடுமாறியதற்கு ஒரு காரணம், சுவிட்சின் உள்ளமைப்பு இடையில் திருத்தப்பட்டும் அதன் பாக எண் மாற்றப்படாததே. விபத்து வழக்கு ஒன்றுக்காக அமர்த்தப்பட்ட பொறியாளர் ஒருவர், விபத்துக்குள்ளான காரின் சுவிட்சையும் கடையில் வாங்கிய அதே எண்ணுள்ள சுவிட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் உள்ளிருந்த சிறிய உந்துமுளையின் நீளம் வேறுபடுவது தெரிந்தது. பழைய பொருளைத் தூக்கி எறிந்திருந்தால் அந்த உண்மை வெளிவந்திருக்காது. கழற்றிய பொருளை வாடிக்கையாளரிடம் காட்டி அவரிடமே கொடுப்பது உடுமலையில் எல்லாப் பட்டறைகளுக்கும் வழக்கமாக வேண்டும் என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

கூலியைப் பற்றிய உண்மையையும் பேசியாக வேண்டும். எலக்ட்ரீசியன் அளக்காமல் மாற்றுவதற்கு அறியாமை முதற்காரணம் அன்று. இரண்டு மணி நேரம் தேடி ஒரு லக்கைச் சுத்தம் செய்து இறுக்கிக் கொடுத்தால், ஒரு நட்டு முறுக்கியதற்கு இவ்வளவா என்று கேட்கும் உரிமையாளர்களே முதற்காரணம். புதிய பேட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய் தயங்காமல் எடுத்துவைப்பவர், பழுதைக் கண்டுபிடித்த மூளைக்கும் கண்ணுக்கும் சில நூறு தர முணுமுணுக்கிறார்; அந்த முணுமுணுப்புக்கு அஞ்சியே தொழில் தெரிந்தவரும் பொருள் விற்பவராக மாறுகிறார். ஆகவே காரை எடுத்துக்கொள்ளும் போதே, தேடுவதற்கு இவ்வளவு, சரிசெய்வதற்குத் தனி என்று கூலி சொல்லப்பட வேண்டும். பழுது அகப்படாவிட்டாலும் தேடிய நேரத்துக்குக் கூலி உண்டு என்பதும் அப்போதே தெளிவாக்கப்பட வேண்டும்.

அதற்கு ஈடாக வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு. தேதி, கிலோமீட்டர், என்ஜின் நிற்கும்போதும் ஓடும்போதும் பேட்டரி வோல்ட், செல்ஃப் அடிக்கையில் எர்த் வழியிலும் பாசிட்டிவ் வழியிலும் தொலைந்த வோல்ட், எந்த இடத்தில் என்ன செய்யப்பட்டது, செய்த பிறகு அதே இடத்தில் அளவு என்ன ஆகியவை அதில் இருந்தால் போதும். அந்தச் சீட்டு காரின் ஆர்.சி. புத்தகத்தோடு இருக்குமானால், அடுத்த முறை கார் தாராபுரத்திலோ ஒட்டன்சத்திரத்திலோ நின்றாலும் அங்குள்ள எலக்ட்ரீசியன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. செல்ஃப் அடிக்கையில் 0.15 வோல்ட்டாக இருந்த எர்த் வழி இப்போது 0.6 காட்டுகிறது என்று பார்த்தவுடனேயே, தம் கையை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.